அரை அங்குலம்

மெடிசின் ஹாட்டில் இன்று மைனஸ் இருபத்தாறு.
ஆனாலும் கொட்டகைக் கதவை
ஒரு செங்கல் அகலத்துக்குத் திறந்தே வைத்திருக்கிறோம்.
கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது,
மணி மட்டும்தான் உண்டு.
அது ஆணியில் தொங்குகிறது, இதுவரை பேசாமல்.

காலை நாலரைக்குப் பற்றவைத்தது.
மதியம் முதல் கூம்பு சாய்ந்தது,
பேருந்தில் தூங்கிப்போனவன்
பக்கத்து ஆள் தோளில் சாய்கிற மாதிரி.
இனிமேல்தான் வேலை.

டாம்பர் பலகையை உள்ளே தள்ளுகிறேன்.
அரை அங்குலம்.
புகைபோக்கி தொண்டையைச் செருமிக்கொள்கிறது.
வாயு குறையவில்லை, காற்றுதான் குறைகிறது.
நெருப்பு சுற்றுமுற்றும் பார்க்கிறது,
பந்தியில் இலை போட்டும் சோறு வராதவன் போல.
பிறகு கைவைக்கிறது:
மெருகுக்குள் இருக்கும் செம்பிடம்,
மண்ணுக்குள் இருக்கும் இரும்பிடம்,
அவை கட்டிவைத்திருந்த உயிர்வளியைப்
பிடுங்கித் தின்கிறது.
பச்சையாகப் போக வேண்டியது
பறிகொடுத்துச் சிவந்து நிற்கிறது.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இதற்கு ஒடுக்கம் என்று பெயர்.
சாமியார் அடங்கிய இடத்துக்கும் அதே சொல்.
கொஞ்சம் வால் முளைத்து
ஊர்வலத் தட்டிகளிலும் அதைப் பார்த்திருக்கிறேன்.
எந்தப் பொருளில் தள்ளுகிறேன் என்று
பலகை கேட்பதில்லை.

கர்ட்டிஸுக்குப் புகை வேண்டும்.
கறுப்பாக வந்தால்தான் நம்புவான்.
போன முறை டாம்பர் அவன் கையில்,
ஒன்றேகால் அங்குலம்.
பக்கத்து வீட்டுப் பனியெல்லாம் மசி.
வெப்பம் ஆயிரத்து நூற்றெண்பதில்
ஒரு மணி நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது.
என் தட்டுகளில் கொப்புளம்.
எரிவாயு பில்லை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தோம்.
கொப்புளத்தைப் பிரிக்க வழியில்லை.

வாரத்தில் நாலு நாள் நான் மருத்துவமனையில், சுவாசப் பிரிவில்.
முகமூடி, குழாய், விரல் நுனியில் கவ்விய சிவப்பு விளக்கு.
எண் இறங்கினால் ஓடுவேன்.
சில நெஞ்சுகளுக்கு நூறும் ஆகாது:
எண்பத்தெட்டுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் நடுவே
பிடித்துவைக்க வேண்டும்,
அதிகம் கொடுத்தால் மூச்சுவிட மறந்துபோவார்கள்.
இங்கே மானியில் புள்ளி ஆறு எட்டு வோல்ட்.
ஏற ஏறத் திணறல்.
திணற வேண்டும், அணையக் கூடாது.
இரண்டு இடத்திலும் ஒரே கை.
இதை எந்தப் படுக்கையருகிலும் சொன்னதில்லை.

ஏழு மணிக்குச் சினூக் வந்தது.
மலைப்பக்கமிருந்து வெதுவெதுப்பாக,
கேட்காமல் கதவைத் தள்ளி நுழைகிற உறவுக்காரன்.
கூரைப் பனி சொட்டத் தொடங்கியது.
புகைபோக்கி ஒரே இழுப்பாக இழுத்தது.
பார்வைத் துளையில் நீட்டிக்கொண்டிருந்த சுடர்
உள்ளே ஓடி ஒளிந்தது.
புள்ளி நாலு. புள்ளி இரண்டு.
புள்ளி பூஜ்யம் ஐந்து.
சூளை நன்றாக மூச்சு விட்டது.
எனக்குத்தான் மூச்சு நின்றது.

கால் அங்குலம் தள்ளினேன்.
"இன்னும்," என்றான் கர்ட்டிஸ்.
இன்னொரு கால்.
"இன்னும்."
அவன் சொன்னது சரி.
சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தள்ளினேன்.
சுடர் திரும்பி வந்தது,
முயல் காது நீளத்துக்கு, ஓரத்தில் பச்சை.
துளைக்கு வெளியே வந்து,
காற்று கிடைத்ததும் அங்கேயே எரிந்து முடிந்தது.

இரண்டு நாள் ஆறவிட்டுத் திறந்தோம்.
மேலடுக்கில் பதினோரு கிண்ணம் சேவல்கொண்டைச் சிவப்பு.
பன்னிரண்டாவது கதவோரம் இருந்தது:
பாதி சிவப்பு,
பாதி பாசி பிடித்த குளத்துப் படி.
வீண் என்று ஓரமாக வைத்தான்.
எடுத்து வந்துவிட்டேன்.

இரவுப் பணியில் இப்போது அதில்தான் தேநீர்.
புதிதாக வந்த நர்ஸ் கேட்டாள்,
இந்த இரண்டு நிறம் ஏன் என்று.
ஏழு மணி பத்து நிமிடம், மேற்குக் காற்று, என்றேன்.
அதற்குள் மூன்றாம் அறையில்
எண் இறங்கியது.
தேநீர் ஆறிப்போனது.